ஏலம் போட வந்த தம்பி

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்து போன டோருன், அதற்குப் பிறகு தம்பி ஹால்வரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் ஸ்கார்வோய் தீவு முழுக்கத் தெரியும். ஊராட்சி மன்றத்தில் வரவு செலவைக் கவனிப்பவன் ஹால்வர். பள்ளியில் இசை சொல்லிக் கொடுக்கும் வேலையை அடுத்த வருஷத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று மன்றத்தின் முன் யோசனை வைத்தவனும் அவன்தான். செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு.

அந்த வேலையில் இருப்பவள் இல்ஸே. லாட்வியாவிலிருந்து வந்தவள். பள்ளி பேண்டுக்கு மாஸ்டரும் அவள்தான். அவள் போனால் பேண்டும் போன மாதிரி. பேண்டுக்கான பெற்றோர் குழுவின் தலைவி டோருன். இது போதாதென்று, ஹால்வரின் மகள் வில்யா அதே பேண்டில் டிராம்போன் ஊதுகிறாள். அவளும் அப்பாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

சனிக்கிழமை. மழை. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பேண்டுக்காக நடக்கும் பழைய சாமான் சந்தை.

தீவில் யார் வீட்டுப் பரணில் என்ன கிடந்தாலும், யார் படகுக் கொட்டகையில் எது துருப்பிடித்தாலும், அன்றைக்கு அது அங்கே வந்து சேர்ந்துவிடும். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் டாய்லெட் பேப்பர் விற்ற காசு ஊர்வலச் செலவுக்கு, சந்தைக் காசு வாத்தியங்களுக்கு என்பது எல்லா ஊர் பேண்டுக்கும் உள்ள வழக்கம்தான்.

ஆனால் டோருன் சந்தையை மட்டும் நம்பி உட்கார்ந்தவள் இல்லை. மூடிவிட்ட ராணுவ முகாம் ஒன்றில் டியூபா என்னும் பெரிய பித்தளை ஊதுகருவிகள் இரண்டு சும்மா கிடக்கின்றன என்று எங்கோ காதில் விழுந்ததும், தொல்லை தாங்காமல் அவர்களே வண்டியில் ஏற்றி அனுப்பும்வரை போன் போட்டுக்கொண்டே இருந்தாள். வடக்கே பிள்ளைகள் இல்லாமல் பூட்டிய ஒரு பள்ளியின் சிவப்புக் கோட்டுகளை வாங்கி வந்து, தையல் தெரிந்தவர்களைக் கூட்டி உட்கார வைத்து, நம் பிள்ளைகளின் அளவுக்குப் பிடித்தாள். பல் மருத்துவமனையில் அவள் உதவியாளர். ஒருநாள் டாக்டரின் முன்னால் ஒரு கிளாரினெட்டை வைத்து, "இந்தச் சின்ன ஸ்க்ரூவைப் பிடிக்கற இடுக்கி உங்ககிட்டதான் டாக்டர் இருக்கு" என்றாள். அன்றிலிருந்து தீவின் கிளாரினெட்டுகள் எல்லாம் அந்த மனுஷரின் கையில்தான் குணமாகின்றன.

அவளுடைய இரண்டு மகன்களும் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். பேண்டில் அவளுக்கென்று இப்போது ஒரு பிள்ளையும் இல்லை. தலைவி பதவியை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை; அவளும் கொடுக்கத் துடிக்கவில்லை.

கதவு திறக்கும் முன்பே இல்ஸே அவளை இசை அறைக்குள் கூப்பிட்டாள்.

"டோருன், சந்தை முடிஞ்சப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு நாள் பூரா நடிக்க என்னால முடியாது."

"என்னம்மா?"

"பெர்கன் நகரத்துல வேலை குடுத்திருக்காங்க. முழு நேர வேலை. சொல்லிக் குடுக்கறது மட்டும் இல்ல. அவங்க ஆர்கெஸ்ட்ராவுல எனக்கு ஹார்ன் வாசிக்க ஒரு நாற்காலியும் உண்டு." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. "நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

இங்கே இல்ஸேவுக்குப் பாதி வேலை, பாதிச் சம்பளம். கோடையில் விடுதி அறைகளைச் சுத்தம் செய்துதான் மீதியைச் சமாளிக்கிறாள். அந்த வளைந்த பித்தளை ஹார்னை அவள் வாசித்து டோருன் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். ஒத்திகை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து, தனியாக உட்கார்ந்து வாசித்தாள். மறந்து வைத்த கையுறையை எடுக்க வந்த டோருன், முடியும்வரை வராந்தாவிலேயே நின்றாள்.

"செவ்வாய்க்கிழமைதான் ஓட்டு" என்றாள் டோருன்.

"தெரியும். அவங்க செவ்வாய் வரைக்கும் நிக்க மாட்டாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல."

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடு எனக்கு."

"சாயங்காலத்துக்குள்ள என்ன பண்ணிடுவீங்க?"

"எனக்கென்ன தெரியும்? இந்த வீட்டுல, அந்த வீட்டுலன்னு தேடுறதுதானே நமக்குத் தெரிஞ்சது" என்று சொல்லிவிட்டு டோருன் போய்க் கதவைத் திறந்தாள்.

கூட்டம் மழைக்கோட்டோடு உள்ளே வந்து விழுந்தது. வாஃபிள் வேகும் வாசனையும் காபி வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் ஒன்றாகக் கலந்தன.

எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. இந்த வருஷம் ஏலம் யார் போடுவார்கள்?

வழக்கமாக ஏலம் போடுகிறவன் ஹால்வர்தான். அவன் மேசை மேல் ஏறி நின்றால் உடைந்த நாற்காலிக்கும் இரண்டு பேர் சண்டை போடுவார்கள். ஆனால் பேண்டை மூடப் பார்க்கிறவன் பேண்டுக்காக எப்படி ஏலம் போடுவான்?

"வரமாட்டான்" என்றார் தபால்காரர் கோரே, வாஃபிளைக் கடித்துக்கொண்டே. "வந்தா இந்த வாஃபிள் தட்டையே நான் திங்கறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஹால்வர் வாசலில் நின்றான். அழுக்கு வேலை உடுப்பு, தலையில் மழை சொட்டியது. தெருவில் வண்டியில் வந்து இறங்கியிருந்த நீளச் சோபாவின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்திருந்தான். மறுமுனை படியில் கிடந்தது.

யாரும் நகரவில்லை. அவனோடு மீன் பிடிக்கப் போகிறவர்கள், பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்யா கோப்பைகள் அடுக்கிய மேசைக்குப் பின்னால் நின்று அப்பாவைப் பார்த்தாள். அவளும் வரவில்லை.

டோருன் கைக்குட்டையில் கையைத் துடைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். குனிந்து சோபாவின் மறுமுனையைத் தூக்கினாள்.

அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தச் சோபாவைக் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்புறம்தான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

"தட்டுக்கு ஜாம் வேணுமா கோரே?" என்று யாரோ கேட்டார்கள்.

ஹால்வர் மேசை மேல் ஏறினான். முதல் பொருள் ஒரு பழைய படகு மோட்டார்.

"இந்த மோட்டாரை எல்லாருக்கும் தெரியும். போன வருஷமும் வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷமும் வந்துச்சு. வாங்கினவங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க, மோட்டாருதான் நல்லா இல்ல. நூறு குரோனர்! யாரு?"

முதலில் சிரிப்பு வரவில்லை. பிறகு ஒரு மூலையில் ஆரம்பித்தது. மோட்டார் போயிற்று. சோபா போயிற்று. வாஃபிள் சுடும் இரும்புக்காக இரண்டு நாத்தனார்கள் மோதிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் ஹால்வரின் தொண்டை கட்டிவிட்டது; கூடமும் பழையபடி ஆகிவிட்டது.

பேண்டுப் பிள்ளைகள் தங்கள் உழைப்பை ஏலம் விடும் நேரம் வந்தது. ஒருத்தி விறகு அடுக்கித் தருவதாகச் சொன்னாள். ஒருவன் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டித் தருகிறேன் என்றான். கடைசியாக வில்யா மேசையருகே வந்தாள். பதினான்கு வயது, அப்பாவின் அதே நீண்ட தாடை.

"அடுத்த பொருள் நான் கொண்டுவந்தது" என்று சத்தமாகச் சொன்னாள். "ஊராட்சி உறுப்பினர் ஒருத்தர். கொஞ்சம் பழசு. வர்ற புதன்கிழமை எங்க ஒத்திகை முடியற வரைக்கும் ஒரே இடத்துல உக்காந்து கேக்கணும். போனைத் தொடக் கூடாது."

எல்லோரும் ஹால்வரைப் பார்த்தார்கள்.

அவன் மகளைப் பார்த்தான். பிறகு தன் சட்டைக் காலரைத் தானே பிடித்து இழுத்துக் கூட்டத்துக்குக் காட்டினான்.

"பாத்தீங்களா சரக்கை? முட்டி கொஞ்சம் தேஞ்சிருக்கு. காது ரெண்டும் இருக்கு, ஆனா கேக்குதான்னு கேரண்டி இல்லன்னு வீட்டுல சொல்றாங்க. யாரு ஆரம்பிக்கறீங்க?"

கைதட்டல் எழுந்தது. பத்து, இருபது, நாற்பது என்று விளையாட்டாக ஏறியது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"பத்தாயிரம்."

ஒட்வின். சால்மன் மீன் பண்ணைக்காரர். தீவில் பாதிப் பேருக்கு அவரிடம்தான் வேலை. கடல் வாய்க்காலின் முகப்பில் புதிதாகப் பண்ணை போட அனுமதி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் மன்றத்தில் அதற்கு ஓட்டு. ஹால்வர் அதை எதிர்க்கிறவர்களில் ஒருவன் என்பது ஊருக்கே தெரியும்.

"உங்களுக்கு என்னை விக்க முடியாது, ஒட்வின்" என்றான் ஹால்வர்.

"ஏன், என் காசுல மீன் நாத்தம் அடிக்குதா?"

"உங்க மனு எங்க மேசை மேல கிடக்கு. அது முடியற வரைக்கும் உங்க காசுல நான் ஒரு வாஃபிள்கூட திங்கக் கூடாது."

பத்தாயிரம் குரோனர் என்பது ஒரு நல்ல கிளாரினெட். பிள்ளைகளைப் பெற்றவர்கள் பெருமூச்சு விட்டது கூடம் முழுக்கக் கேட்டது. 'அந்த மனுஷன் ஒத்திகை கேக்கத்தானே சொல்றாரு' என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"அம்பது குரோனர்" என்றாள் டோருன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தம்பி காதில் விழுகிற மாதிரி அவள் சொன்ன முதல் சொல் அது.

"அம்பதா, அக்கா?"

"அதுக்கு மேல தேறாது."

கூடம் வெடித்துச் சிரித்தது. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஹால்வர் கட்டிய தொண்டையால் கத்தினான். "மூணு தரம்! எங்க அக்காவுக்கு!"

பிற்பகலில் கூட்டம் குறைந்ததும் டோருன் சாமான் அறைக்குள் மேசைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒட்வின் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மெத்தைகள் அடுக்கியிருந்த மூலைக்கு அப்பால் வில்யா தரையில் உட்கார்ந்து, விற்காத கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"இல்ஸே போகப் போறாளாமே?" என்றார் அவர்.

"இந்தத் தீவுல ஒரு விஷயம் மதியம் வரைக்கும்கூட தாங்காது."

"அவளோட சம்பளத்தை நான் தர்றேன் டோருன். மூணு வருஷத்துக்கு. பாதி வேலை இல்ல, முழு வேலையா."

டோருன் மடித்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

முழு வேலை. பேண்டு மட்டும் இல்லை, முதல் வகுப்புக் குழந்தைகளுக்கும் வாரத்தில் இரண்டு நாள் பாட்டும் தாளமும். காசு கட்டித் தனியாகக் கற்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் கையில் ஒரு வாத்தியம். இதைக் கேட்டு அவள் எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறாள்! எத்தனை கூட்டத்தில் கடைசி ஆளாகப் பேச எழுந்து, 'நேரம் முடிந்துவிட்டது' என்று கேட்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"நிபந்தனை?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. டிரம்முல எங்க கம்பெனி பேரு எழுதணும்னுகூட இல்ல." ஒட்வின் தொப்பியைக் கையில் சுற்றினார். "ஹால்வர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. பண்ணைன்னா வாய்க்காலை அழுக்காக்கறது மட்டும் இல்ல, ஊருக்கும் செய்யுதுன்னு அவன் தெரிஞ்சுக்கட்டும். ஒரே ஒரு ஓட்டுலதான் நிக்குது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பெண்களும் இதே பேண்டில் வாசித்தவர்கள்தான். அதனால்தான் அவளுக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"பண்ணை ஓட்டு முடியட்டும்" என்றாள். "உங்களுக்குச் சாதகமா வந்தாலும் சரி, வராட்டியும் சரி, மறுநாள் காலைல வாங்க. நானே வாசல்ல நின்னு உங்க கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறேன். உங்க பேரை டிரம்முல பெருசாவே எழுதறேன்."

"அதுக்குள்ள உங்க டீச்சர் போயிடுவா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மே மாசம் பதினேழாம் தேதி தேசிய தின ஊர்வலத்துல இந்தப் பிள்ளைங்க ரோட்டுல வாசிச்சிட்டுப் போகும்போது, 'வாய்க்காலை வித்த காசு வருது பாரு'ன்னு ஒருத்தர் சொன்னாலும் அந்த சத்தம் அவங்களுக்குக் கேக்கும். அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு? நிம்மதியா ஊதட்டும்."

ஒட்வின் தொப்பியைத் தலையில் வைத்தார். கோபமா, யோசனையா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"காசு காசுதான் டோருன்."

"ஆமா. அதான் பயமா இருக்கு."

அவர் போனதும் டோருன் மடித்த துணியைப் பிரித்து, மறுபடி மடித்து, மறுபடி பிரித்தாள். எழுந்தாள். இதை இல்ஸே வேறு யார் வாயிலும் கேட்கக் கூடாது.

சமையல் மூலையில் இல்ஸே சட்டைக்கையை மடித்துவிட்டு வாஃபிள் இரும்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டோருன் பக்கத்தில் நின்று துடைக்கும் துணியை எடுத்தாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

இல்ஸே தேய்ப்பதை நிறுத்தினாள்.

"மூணு வருஷம். முழு வேலை."

"ஆமா."

"என்னோட சம்பளம் அது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா நீயும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்ப. அப்புறம் அது உன் தலையில விழுந்திருக்கும். என் தலையிலயே கிடக்கட்டும்."

"நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? விடுதியில அடுத்தவங்க படுக்கையை மடிச்சுப் போட்டிருக்கீங்களா நீங்க?"

டோருன் ஒரு இரும்பை எடுத்துத் துடைத்தாள். "இல்ல" என்றாள். "தப்பா இருந்தா தப்புதான். ஆனா வேற மாதிரி எனக்கு செய்யத் தெரியல."

இல்ஸே மறுபடி இரும்பைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வேகம் குறைந்தது. "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் கடைசியில். "கொஞ்சம் அழுதுட்டு."

அதே நேரம் கூடத்தின் மறுகோடியில் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்த ஹால்வரின் முன்னால் வில்யா வந்து நின்றாள். ஒரு வாரமாகப் பேசாத பெண் மூச்சு வாங்கப் பேசினாள்.

"அப்பா, ஒட்வின் வந்து டீச்சர் சம்பளம் பூரா தர்றேன்னு சொன்னாரு. உங்ககிட்ட பண்ணை ஓட்டைப் பத்திப் பேசச் சொன்னாரு. அத்தை வேண்டாம்னுட்டாங்க."

"யாரு சொன்னா?"

"நான் அங்கதான் இருந்தேன். அவங்களுக்குத் தெரியாது."

ஹால்வர் கையிலிருந்த மேசையைச் சுவரில் சாய்த்தான். "வேண்டாம்னுட்டாளா?"

"அவரு போனதும் அத்தை ஒரே துணியைத் திரும்பத் திரும்ப மடிச்சாங்க தெரியுமா? நீங்க டீச்சரை அனுப்பறீங்க. அவங்க உங்களை யாரும் குறை சொல்லக் கூடாதுன்னு அவ்ளோ காசை விடறாங்க."

ஹால்வர் மகளின் தலையில் கை வைத்தான். அவள் விலகவில்லை. அவன் சமையல் மூலையை நோக்கி நடந்தான்.

"அக்கா, ஒட்வின் கேட்டதை வில்யா சொன்னா" என்றான்.

டோருன் திரும்பாமல் துடைத்துக்கொண்டிருந்தாள். "உனக்காகச் செய்யல. பெருமைப்பட்டுக்காத."

"தெரியும்." அவன் நின்றான். "போன குளிர்காலத்துல முதியோர் இல்லத்துல ஐவார் கீழ விழுந்து விடியற வரைக்கும் தரையில கிடந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"அவரு பல்லை நான்தான்டா பாத்துப்பேன். மறப்பேனா?"

"ராத்திரிக்கு ஒரு நர்ஸ் இல்லாம அந்த இல்லம் நடக்கக் கூடாது. அதுக்குத்தான் காசு தேடினேன். எங்கெங்கயோ தேடி, கடைசியில இல்ஸே வேலையில கை வெச்சேன்."

"நர்ஸ் வேண்டாம்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? பிள்ளைங்க பாட்டைப் பிடுங்கித்தான் பெரியவங்களுக்குக் குடுக்கணும்னு எந்தச் சட்டம் சொல்லுது?"

"எல்லா இடத்துலயும் தேடலக்கா." ஹால்வரின் கட்டிய குரல் இன்னும் தாழ்ந்தது. "ஒரு இடத்தை விட்டுட்டேன். மன்றக் கூடத்தைப் புதுப்பிக்கக் காசு ஒதுக்கியிருக்கோம். புது நாற்காலி, மர வேலைப்பாடு, விளக்கு. அது எங்க கட்சித் தலைவரோட ஆசை. அதுல கை வெச்சா அடுத்த தேர்தல்ல எனக்கு சீட்டு கிடையாது. அதனால அந்தப் பக்கமே திரும்பல."

இல்ஸே தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"இப்ப?" என்றாள் டோருன்.

"செவ்வாய்க்கிழமை என் யோசனையை நானே வாபஸ் வாங்கறேன். மன்றக் கூட வேலையைத் தள்ளிப் போடுங்கன்னு கேக்கறேன். இன்னும் சில வருஷம் அதே பழைய நாற்காலியில உக்காந்தா எங்களுக்கு முதுகு வலிக்கும், அவ்வளவுதான். நர்ஸும் இருப்பாங்க, டீச்சரும் இருப்பாங்க."

"பாஸாகுமா?"

"தெரியாது. ரெண்டு பேரை நம்பலாம். மத்தவங்க என்னை வெட்கமில்லாதவன்னு சொல்வாங்க. போன வாரம் ஒண்ணு சொன்னான், இந்த வாரம் ஒண்ணு சொல்றான்னு."

டோருன் முதல் முறையாகத் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தாள். தீவில் ஒருவன் தன் சொல்லைத் தானே திரும்ப எடுப்பது எத்தனை பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த ஊராட்சித் தலைவன் இவன்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"உக்காரு." கடைசி வாஃபிளில் பழுப்புச் சீஸைத் தாராளமாகச் சீவிப் போட்டு அவன் கையில் கொடுத்தாள். "இது பேண்டு காசுல சுட்டது. தாராளமா திங்கலாம்."

ஹால்வர் சிரித்தான். வில்யா வந்து அப்பாவின் வாஃபிளில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டாள்.

இல்ஸே மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, டோருனின் முழங்கையைத் தொட்டு அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனாள்.

"டோருன், ஒண்ணு கேக்கணும். பேண்டு தலைவியா பதில் சொல்லாதீங்க."

"கேளு."

"செவ்வாய்க்கிழமை ஜெயிச்சாலும் எனக்கு அதே பாதி வேலைதான். அதே விடுதிதான். இங்க இருக்கற பிள்ளைங்களை விட்டுட்டுப் போக எனக்கு மனசு இல்ல. ஆனா ஹார்னை எடுத்து ஒரு ஆர்கெஸ்ட்ரா நடுவுல உக்காந்து எத்தனை வருஷம் ஆச்சு!" அவள் கண் கலங்கியிருந்தது. "நான் உங்க கூடப் பிறந்த தங்கச்சின்னு வெச்சுக்கோங்க. என்ன சொல்வீங்க?"

டோருன் கூடத்தைப் பார்த்தாள். மடக்கிய மேசைகளுக்கு நடுவே இரண்டு பிள்ளைகள் டிரம் குச்சியால் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தாளம் சரியாக இருந்தது. அப்படித் தட்டச் சொல்லிக் கொடுத்தவள் பக்கத்தில் நின்று பதிலுக்குக் காத்திருந்தாள்.

இருந்துவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவாள். டோருனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. இன்று காலையிலிருந்து அவள் தேடியது அந்த ஒன்றைத்தான். இப்போது அது அவள் நாக்கு நுனியில் நின்றது; அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

அவள் இல்ஸேவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். குனிந்து, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் ஏதோ சொன்னாள். நீளமாக ஒன்றும் இல்லை.

இல்ஸே அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு கோட்டைக்கூட எடுக்காமல், போனை எடுத்துக்கொண்டு மழையில் வெளியே போனாள்.

கண்ணாடிக்கு அப்பால், சைக்கிள் கொட்டகையின் கூரைக்கடியில் அவள் போனைக் காதில் வைத்துப் பேசுவது தெரிந்தது. உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

வில்யா ஓடி வந்தாள். "அத்தை, டீச்சர் பெர்கனுக்கா பேசறாங்க? நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

டோருன் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தங்கச்சின்னு வெச்சுச் சொல்லச் சொன்னா, வில்யா. தங்கச்சிக்கு என்ன சொல்லணுமோ அதைச் சொன்னேன்."